கித்தேரியம்மாளின் கடல்

கடற்கரையில் பிறந்த பெண்ணை மலையில் கட்டிக்கொடுத்தால், இரண்டு குளிர்காலம் தாங்கமாட்டாள், பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று கொடைக்கானலில் அவளுடைய புகுந்த வீட்டார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கித்தேரியம்மாள் எழுபத்தோராம் வருஷம் வேம்பாரிலிருந்து மலையேறினாள். மூக்கு ஒழுக, கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றாளே தவிர, இறங்கவில்லை. கணவர் சூசைமாணிக்கம் மஞ்சள் காமாலையில் போன பிறகும் இறங்கவில்லை. அவர் விட்டுப்போன சின்ன லாட்ஜில் பாதிப் பங்கைப் பிடித்துக்கொண்டு, மீதிப் பங்குக்காரனான கொழுந்தன் இருதயசாமியோடு தினமும் மல்லுக்கு நின்றாள்.

எண்பத்து மூன்றில் அவள் செய்த காரியத்தைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை. லாட்ஜின் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் கடலைக் கொண்டுவந்து ஊற்றினாள். அவளுடைய தம்பி பவுல்ராஜ் ஊரில் சங்கு குளிக்கிறவன். மாதாமாதம் பஸ்ஸில் கேன் கேனாகக் கடல்தண்ணீர் ஏற்றிவருவான். உப்புத்தண்ணீருக்கா லக்கேஜ் டிக்கெட் எடுக்கிறாய் என்று கண்டக்டர்கள் சிரிப்பார்கள். தொட்டிக்குள் உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகள், பூப்போல விரிந்த கடல்சாமந்தி என்ற கடலுயிர் ஒன்று, அதன் மடியிலேயே குடித்தனம் நடத்திய இரண்டு கோமாளி மீன்கள். குளிருக்கு உள்ளே ஹீட்டர், வெளியே கம்பளி. கரண்டு போனால் சைக்கிள் பம்பை எடுத்து அவளே காற்றடிப்பாள்.

"மலையப் பாக்க வர்றவங்களுக்குக் கடல் எதுக்கு மதினி?" என்றான் இருதயசாமி.

"அவங்களுக்கு யாரு வச்சா? எனக்கு வச்சது."

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தன்னைக் 'கடல்காரி' என்பது அவளுக்குத் தெரியும். கடலில் பிறந்தது மலையில் பிழைக்காது என்று சொன்னவர்கள் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று சொல்லட்டும் என்பதுதான் அவள் வீம்பு.

இரண்டு வருஷம் மீன்கள் அவள் மானத்தைக் காப்பாற்றின. மூன்றாம் வருஷம் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைப் படலம், அப்புறம் பாறைகள் மேல் முடிமுடியாக. சுரண்டினாள், நாலே நாளில் திரும்பி வந்தது. தீனியைக் குறைத்தாள், டியூப்லைட்டைப் பாதி நேரம் அணைத்தாள், பாசி தின்னும் நத்தைகளைத் தம்பியிடம் சொல்லி வரவழைத்தாள். நத்தைகள் கொழுத்தன, பாசியும் கொழுத்தது. கடல்சாமந்தி மட்டும் நாளுக்கு நாள் சுருங்கியது.

"ஈஸ்டருக்குப் பொறவு சீசன். அதுக்குள்ள கண்ணாடி தெளியலைன்னா தொட்டிய எடுத்துருவோம்," என்றான் இருதயசாமி, வேலையாட்கள் முன்னிலையில்.

"தெளியலைன்னா நானே ஒடைச்சுப் போடுறேன்," என்று சொல்லிவிட்டாள். சொன்னதைத் திரும்ப வாங்குகிற ஜாதி அல்ல அவள்.

டிசம்பரில், லாட்ஜுக்கு மேலே உள்ள சரிவை அந்த வருஷம்தான் புதிதாகக் குத்தகைக்கு எடுத்திருந்த நல்லையா உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கினார்.

"ரெண்டு தடவ யூரியா போட்டேன்மா. இந்த மழை பாதியக் கழுவிக்கிட்டுப் போயிருச்சு."

"எங்கிட்டுப் போச்சு?"

"எங்கிட்டுப் போகும்? கீழதான்."

கித்தேரியம்மாள் கீழே பார்த்தாள். சரிவின் அடியில் இருந்தது அவர்கள் வீட்டு ஊற்று. மாமனார் சிமெண்டுத் தொட்டி கட்டிவிட்ட ஊற்று. மருந்துத் தண்ணீர் என்று சொல்லி இருதயசாமி சாப்பாட்டுக் கூடத்தில் செப்புப்பானையில் நிரப்பி வைப்பது அதைத்தான். ஹீட்டர் சூட்டில் தொட்டியில் தண்ணீர் வற்றி உப்பு கூடும்போதெல்லாம் அவள் மொண்டு ஊற்றியதும் அதைத்தான். கிழங்குக்குப் போட்ட உரத்தைப் பாசி தின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டில் மாதாகோயிலைச் சந்தேகப்பட்டாலும் படுவார்கள், ஊற்றைச் சந்தேகப்படமாட்டார்கள். இத்தனை வாய் பேசுகிற அவளுக்கும் தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இரண்டு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தாள். இரண்டிலும் கொஞ்சம் கடல்தண்ணீரும் ஒரு சிட்டிகை பாசியும் போட்டாள். ஒன்றில் ஊற்றுத்தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர் கலந்து ஜன்னலில் வைத்தாள். ஊற்றுத்தண்ணீர்ப் பாட்டிலில் பாசி புதராக மண்டியது. மற்றதில் வெளுத்துப்போய்க் கிடந்தது.

இருதயசாமி பாட்டில்களைப் பார்த்துக் கொதித்துப்போனான். "எங்கப்பா கட்டுன ஊத்தையா குத்தம் சொல்றீங்க?"

"அவரு ஊத்தத்தான் கட்டுனாரு. யூரியாவ அவரா கரைச்சு ஊத்துனாரு?"

தகரக்கூரையில் விழுந்த தண்ணீரை நம்பாமல், முற்றத்தில் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி மழையைப் பிடித்தாள். டிரம்களில் சேர்த்தாள். கடல்தண்ணீரை அடிக்கடி மாற்றினாள், வற்றியதற்கு மழையை ஊற்றினாள், பாசியைக் கையாலேயே பிய்த்தாள். தவக்காலம் பாதி போவதற்குள் பாறை வெளியே தெரிந்தது. ஈஸ்டர் அன்று கடல்சாமந்தி முழுசாக விரிந்திருந்தது, மீன்கள் அதற்குள் புரண்டுகொண்டிருந்தன.

இருதயசாமி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றான், வரம் கொடுப்பதுபோல.

அவள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் செப்புப்பானையைத் தூக்கிவந்து, அவன் கண்முன்னால் வாசலில் கவிழ்த்தாள்.

"மதினி, அது கெஸ்ட்டுக்கு வச்ச தண்ணி."

"மூணாம் நம்பர் ரூம்ல நேத்து ஒரு கைக்கொழந்த வந்துருக்கு. பால்பவுடர் கலக்க இதத்தான் மோந்துட்டுப் போறாங்க. என் மீனுக்கு ஆகாதது அந்தப் புள்ளைக்கு எப்படி ஆகும்?"

"வெளிய தெரிஞ்சா லாட்ஜ் பேரு என்னாகும்?"

"கெடட்டும். இன்னொரு தடவ இந்தப் பானையில ஊத்துத்தண்ணியப் பாத்தேன், ரெண்டு பாட்டிலையும் கொண்டுபோய் கோயில் வாசல்ல வைப்பேன்."

அவள் வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். வெறும் பானையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து பானையை எடுத்துக்கொண்டான்.

"மழைத்தண்ணி டிரம்மு எங்கிட்டுக் கெடக்கு, மதினி?"

"பின்கட்டுல. கொதிக்க வச்சு ஊத்துங்க தம்பி," என்றாள் கடல்காரி.