தொலைக்காட்சி மூலையில் கெலேரா

கெலேராவின் முகம் நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் தீப்பெட்டி அளவில்தான் தெரியும். நாடாளுமன்றக் கூட்டம் தொலைக்காட்சியில் வரும்போது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, அமைச்சர் பேசுவதையும் எதிர்க்கட்சிக்காரர் ஏசுவதையும் கையால் காட்டிக்கொண்டிருப்பவள் அவள்தான். தலைநகர் சுவாவின் சந்தையில் கிழங்கு வாங்கப் போனால், விற்கிறவள் எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள்.

"நீ டிவியில வர்ற பொண்ணுதானே? நேர்ல இவ்வளவு பெரிசா இருக்க?"

"அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கணும்ல? மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கிறேன்" என்பாள் கெலேரா. நல்ல வாட்டசாட்டமான ஆள்.

பிறந்தது கண்டாவுத் தீவில். அக்கா யூனைசிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிறு வயதில் அக்காவும் தங்கையும் தாங்களாகவே ஒரு கைப்பாஷை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அதில் அப்பாவுக்கு ஒரு சைகை, போதகருக்கு ஒரு சைகை, பக்கத்து வீட்டுப் பன்றிக்கு ஒரு சைகை. போதகருக்கும் பன்றிக்கும் விரலளவு வித்தியாசம்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு பேரும் சேர்ந்து அடி வாங்கியதுண்டு.

யூனைசியைச் சுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தபோது, அவளைத் தனியே விடமாட்டேன் என்று அடம்பிடித்துக் கெலேராவும் படகேறிவிட்டாள். இரண்டு பேரும் சித்தி வீட்டில் வளர்ந்தார்கள். கெலேரா படித்தது வேறு பள்ளி. ஆனால் மாலை முழுக்க அக்காவின் சிநேகிதிகளோடுதான் இருப்பாள். அவர்களிடமிருந்து சைகை மொழியையும், அதில் மட்டும் சொல்லக்கூடிய வசவுகளையும் ஒருசேரக் கற்றுக்கொண்டாள். மேல்படிப்பு ஏறவில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்தாள். காது கேளாதவர்கள் எல்லாரும் அவள் வரிசையில்தான் வந்து நிற்பார்கள். பக்கத்துக் கல்லாக்கள் ஈயாடும். இவள் கல்லாவில் கூட்டம் வாசல்வரை நிற்கும். வாங்குவது ஒரு டப்பா மீனாக இருக்கும். பேசுவது ஒரு வாரக் கதையாக இருக்கும். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

நாடாளுமன்றத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது, யூனைசிதான் தங்கையைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த வேலைக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி கெலேரா. இன்னொருவன் ஷல்வின், நௌசோரிக்காரன், ஒல்லி, அம்மா அப்பா இருவருமே காது கேளாதவர்கள். கை ஓய்ந்துபோகும் என்பதால் மாறி மாறி நிற்பார்கள்.

முதல் பட்ஜெட்டின்போது இருவருக்கும் நாக்கு, இல்லை, கை தள்ளிவிட்டது. 'நிதிப் பற்றாக்குறை' என்றார் அமைச்சர். அதற்குச் சைகையே கிடையாது. கெலேரா, பானை சின்னது, வாய் நிறைய என்று காட்டி ஒப்பேற்றினாள். பிறகு சனிக்கிழமைகளில் காது கேளாதோர் சங்கத்தில் கூடி, நடுவில் யங்கோனா வேரைக் கரைத்த பானக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, புதுச் சொற்களுக்குச் சைகை கட்டினார்கள். கையில் சிரட்டை வந்தால் பேச்சு நின்றுவிடும். குடித்து வைத்த பிறகுதான் கை மறுபடி பேசும். மானியத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, ஒத்திவைப்புக்கு ஒன்று என்று சைகைகள் சேர்ந்தன. உறுப்பினர்களுக்குப் பெயர்களும் அங்கேதான் வைத்தார்கள். நிதியமைச்சர் கண்ணாடியைத் தூக்கிவிடுகிறவர். கீழைத் தீவுகளின் எதிர்க்கட்சி உறுப்பினர் எபெலி பேச எழும்போதெல்லாம், தொப்பைக்குக் கீழே நழுவும் சுளுவை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். வேட்டி மாதிரி கட்டுகிற துணிதானே, நழுவத்தான் செய்யும். ஆகவே இடுப்பில் இரண்டு கையையும் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அவர் பெயர்.

யூனைசி பகலில் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். மாலையில் மறுஒளிபரப்பை விடாமல் பார்ப்பாள். கெலேரா வீடு திரும்பினால் விசாரணை தொடங்கும்.

"அந்தச் சாலை அமைச்சரை ஏன் இவ்வளவு நல்லவரா காட்டுற?" என்று கையால் கேட்பாள்.

"அவர் பேசினதைத்தான் காட்டுறேன் அக்கா."

"பேசும்போது மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சே. பொய் சொல்றாருன்னு ஓரமா ஒரு விரலாவது காட்டக் கூடாதா?"

"அது என் வேலை இல்ல."

"அப்போ என் வேலை. நான் காட்டுறேன்" என்று யூனைசி டிவிக்கு முன்னால் நின்று காட்டுவாள்.

அந்த வருஷம் பட்ஜெட் விவாதத்தில் ஆஸ்பத்திரி, சாலை, கப்பல் என்று பொதுச் சேவைகளின் செலவைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கட்டத்தில் கெலேரா நின்றிருந்தாள். எபெலி எழுந்தார், சுளுவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்க தீவு நர்ஸ் நோயாளியைப் பாக்க அடுத்தவன் மீன்படகுல, மீன் மேல உக்காந்து போறாங்க. ஒரு படகு கேட்டா காசு இல்லேங்கிறீங்க. ஆனா இந்த அவையில காசு எங்க போகுதுன்னு பாருங்க. டிவி மூலையில ஒரு அம்மா நின்னு கையை ஆட்டுது. அதுக்குச் சம்பளம். அது ஓய்ஞ்சா இன்னொரு ஆள் வந்து ஆட்டுறான். அதுக்கும் சம்பளம். நானும்தான் கையை ஆட்டிப் பேசுறேன், எனக்குத் தனியா எதுவும் தர்றதில்ல. எங்க தீவுல பாதி வீட்டுல டிவியே கிடையாது. இதை யாரு பாக்குறா? வெள்ளிக்கிழமை நாடாளுமன்றச் செலவு வரும்போது வெட்டுத் தீர்மானம் கொண்டுவரப் போறேன்."

அவை சிரித்தது. கெலேராவுக்குக் காது சூடானது. ஆனாலும் கை நிற்கவில்லை. 'டிவி மூலையில் ஒரு அம்மா' என்று காட்டித் தன்னையே சுட்டினாள். 'கையை ஆட்டுது' என்று கையை ஆட்டினாள். 'அவையில் சிரிப்பு' என்பதையும் விடாமல் காட்டினாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற ஷல்வின், நான் வரட்டுமா என்று சைகை செய்தான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, எபெலி உட்காரும்வரை நின்று முடித்தாள்.

கேன்டீனில் எபெலி மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனுமாக உட்கார்ந்திருந்தார். அவர் தீவுக்காரர்களும் கண்டாவுக்காரர்களும் ஒரே மூதாதை வழி வந்தவர்கள் என்று பேச்சு. பார்த்த இடத்தில் கேலி பேசலாம், கையிலிருப்பதைப் பிடுங்கித் தின்னலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. மாமன் மச்சான் முறை மாதிரிதான். கெலேரா நேரே போய் அவர் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்ன மச்சான், என் பொழப்புக்கு உலை வச்சுட்டு நீங்க மட்டும் மீன் சாப்பிடுறீங்க?"

"உன்னைச் சொல்லல கெலேரா. செலவைச் சொன்னேன்."

"அந்தச் செலவு நான்தான் மச்சான்."

"நீ நல்லாத்தான் ஆட்டுற. நான் பேசுறதைவிட அது அழகா இருக்குன்னு என் வீட்டுக்காரியே சொல்றா. ஆனா அந்த நர்ஸுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீயே சொல்லு."

கெலேராவும் தீவில் பிறந்தவள். காய்ச்சலில் கிடந்த அம்மாவை அலையில் நனைய நனையக் கொண்டுபோனதைப் பார்த்தவள். அவர் கேட்பதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அதிகம் வாட்டியது. இன்னொரு துண்டு மீனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் யூனைசி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"யாரு பாக்குறாங்கன்னு கேட்டார்ல? வெள்ளிக்கிழமை காட்டுறேன்" என்றன அவள் கைகள்.

"அக்கா, தகராறு பண்ணக் கூடாது. பார்வையாளர் மாடத்துல சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவாங்க."

"நாங்களா சத்தம் போடப் போறோம்?" என்றாள் யூனைசி.

வெள்ளிக்கிழமை ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். தையல்காரிகள், தச்சர்கள், ரொட்டிக் கடைக்காரர், ஷல்வினின் அம்மா அப்பா, எல்லாரும் பூப்போட்ட நல்ல சட்டையில். வாசலில் காவலர் விதிகளைப் படித்தார்: பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, குரல் எழுப்பக் கூடாது. கெலேரா அதைக் கையில் சொன்னாள். அத்தனை பேரும் பொறுப்பாகத் தலையாட்டினார்கள். அன்றைக்குக் கட்டத்தில் ஷல்வின் நின்றான். மாடத்தின் ஓரத்தில் நின்று இவர்களுக்குச் சொல்வது கெலேராவின் வேலை. அவ்வளவு அமைதியான மாடத்தை அந்த அவை கண்டதில்லை.

மானியக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. நாடாளுமன்றச் செலவு என்று அறிவித்ததும் எபெலி எழுந்தார். சுளுவை இழுத்துவிட்டுக்கொண்டார். 'இவர்தான், இவர்தான்' என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதற்காக மாடம் முழுவதும் ஒரே நேரத்தில் இடுப்பில் கைவைத்து இழுத்தது.

முன்வரிசை அமைச்சர் ஒருவர் பார்த்துவிட்டார். அவர் சிரிக்க, பக்கத்தவர் சிரிக்க, சிரிப்பு அவை முழுக்கப் பரவியது. எபெலி தன் சுளு அவிழ்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை இழுத்துக்கொண்டார். மாடமும் இன்னொரு முறை இழுத்தது.

சபாநாயகர் அம்மையார் மணியை அடித்தார். "மாடத்துல என்ன நடக்குது?"

செயலர் ஒருவர் படியேறி வந்து கெலேராவிடம் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி அவர் காதில் சொன்னாள். அவர் இறங்கிப் போய்ச் சபாநாயகர் காதில் சொன்னார். அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டு சமாளித்தார், முடியவில்லை. தேநீருக்காக அவையை ஒத்திவைத்தார்.

எபெலி விடுவிடுவென்று மாடத்துக்கே வந்துவிட்டார். "என்னைக் கேலி பண்றாங்களா கெலேரா?"

"கேலி இல்ல மச்சான். உங்க பேரைச் சொன்னாங்க. உங்க பேரே அதுதான்."

அவர் குனிந்து தன் சுளுவைப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "நிதியமைச்சருக்கு என்ன பேரு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அதற்குள் யூனைசி முன்னால் வந்து கையை வீசத் தொடங்கினாள். கெலேரா அவளுக்குக் குரல் கொடுத்தாள்.

"அந்தப் படகு கிடைக்குமா கிடைக்காதா? வருஷா வருஷம் கேக்குறீங்க. எங்க சங்கத்துல பாதிப் பேர் கிடைக்கும்னும் பாதிப் பேர் கிடைக்காதுன்னும் பந்தயம். தோத்தவங்க ஒரு கட்டு யங்கோனா வேர் தரணும்."

எபெலி மாடத்து வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என் பேச்சைக் கேக்குறீங்களா?"

"எல்லாத்தையும். போன வருஷம் கொஞ்சம் நீளம். ஆனா நர்ஸ் குடையைப் படகுப் பாய் மாதிரி விரிச்சுக் கரை சேர்ந்த கதை நல்லா இருந்துச்சு."

"அந்தக் கதையை என் கட்சிக்காரனே கேட்டதில்லம்மா. ஒருத்தன் தூங்கிட்டிருந்தான், ஒருத்தன் போனை நோண்டிக்கிட்டிருந்தான்." அவர் யூனைசி பக்கம் குனிந்தார். "நீங்க எந்தப் பக்கம் பந்தயம் கட்டினீங்க?"

"கிடைக்கும்னு. ஆனா இவளை வெட்டிட்டா கிடைச்சதா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கெலேராவைக் காட்டிய யூனைசி, அதோடு நிறுத்தவில்லை. "உங்க சண்டை எனக்குப் புரியுது. டாக்டர் பேசுறதுதான் புரியல. ஆஸ்பத்திரியில கையாட்ட ஆளே இல்ல. போன மாசம் வயித்துவலின்னு போனேன், பல்லைப் பாத்து அனுப்பினாங்க."

எபெலி சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். யூனைசியே முதலில் சிரித்தாள்.

அவை மறுபடி கூடியதும் எபெலி எழுந்தார். "தலைவர் அவர்களே, என் வெட்டுத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுறேன். இத்தனை வருஷமா நான் சுவத்தோட பேசுறேன்னு நினைச்சிருந்தேன். கேக்குறதுக்கு ஆள் இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. காசு மிச்சம் பிடிக்கணும்னா நம்ம வெளிநாட்டுப் பயணத்துல பிடிங்க. படகையும் குடுங்க, ஆஸ்பத்திரிக்கும் இவங்களை மாதிரி ஆள் போடுங்க."

கெலேரா சொல்லி முடித்ததும் மாடத்தில் எல்லாக் கைகளும் தலைக்கு மேலே உயர்ந்து, காற்றில் தென்னங்கீற்று மாதிரிச் சிலுசிலுத்தன. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். காவலர் பதறிப்போய்ச் சபாநாயகரைப் பார்த்தார்.

"சத்தம் கூடாதுன்னுதான் விதி" என்றார் அம்மையார். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

நிதியமைச்சர் பதில் சொல்ல எழுந்தவர் வழக்கப்படி கண்ணாடியைத் தூக்கப் போய், மாடத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

படகு அந்த வருஷமே கிடைத்தது. என்ஜின் மறுவருஷம்தான் கிடைத்தது. என்ஜின் இல்லாதது படகா இல்லையா என்று சங்கத்தில் பெரும் வழக்கு நடந்து, கடைசியில் வேரை எல்லாருமாகக் கரைத்துக் குடித்துத் தீர்த்தார்கள். எபெலி ஒரு சனிக்கிழமை வந்து கூட உட்கார்ந்தார். சைகை தெரியாததால் அவர்தான் அங்கே ஊமை.

ஆஸ்பத்திரி விஷயம் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு குழு போட்டார்கள், அது அறிக்கை கொடுத்தது, அறிக்கையைப் படிக்க இன்னொரு குழு போட்டார்கள். கடைசியில் சில நர்ஸுகளுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். கற்றுக்கொடுப்பவள் கெலேரா. நோயாளியாக நடிக்க யூனைசி.

முதல் வகுப்பில், செல்லிதா என்ற இளம் நர்ஸ் முன்னால் வந்து, நெற்றி வியர்க்க, யூனைசியிடம் கையால் ஒன்று கேட்டாள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்க நினைத்தாள். விரல் கொஞ்சம் பிசகி, 'உங்கள் வாத்து எங்கே' என்று ஆகிவிட்டது.

யூனைசி சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டேன், அதனால்தான் வந்தேன் என்று பதில் சொன்னாள். கெலேரா அதைக் குரலில் சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பில் சொல்ல முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மொழிபெயர்ப்புக்காகக் காத்து நின்றாள் செல்லிதா, கையைத் தூக்கியபடி.