டாக்டர் அவசரமா?

அம்சவேணி அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முதலில் அவருடைய குரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் நின்று அவர் "ஆறாம் நம்பர்!" என்று கூப்பிட்டால், இரண்டாவது மாடியின் ஆறாம் நம்பர் நோயாளியும் எழுந்து உட்காருவார். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆள் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது. ஆஸ்பத்திரிக்குத் தக்கபடி அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி மூன்று மேட்ரன்கள் பாடுபட்டார்கள். மூவரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள்.

அக்காவுக்கு வயது நாற்பத்துநான்கு. ஸ்டாஃப் நர்ஸ் வேலையில் இருபத்தொரு வருடம். நான் ரேஷ்மா, விஜயபுரத்துக்காரி, அவருக்கு ஏழு வருடம் ஜூனியர். எனக்கு மேற்படிப்பில் நம்பிக்கை கிடையாது. படித்த படிப்புக்கே கால் வலி தாங்கவில்லை, இதற்கு மேல் படித்தால் எந்த உறுப்பு வலிக்குமோ என்று பயம். அதனால் அக்கா மறுபடியும் படிக்கப் போகிறேன் என்றபோது, வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காரணம் வேறு. ஒருநாள் காலை பதினோரு மணிக்குப் பங்காருபாளையத்து மாம்பழ மண்டிக்காரர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. அக்கா தலைப்பக்கத்தை உயர்த்தினார், ஆக்ஸிஜன் வைத்தார். அடுத்து என்ன ஊசி தேவை என்று அவருக்குத் தெரியும், அந்த மருந்தை எடுத்துச் சிரிஞ்சில் ஏற்றியும் வைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் சொல்லாமல் போட அவருக்கு அதிகாரம் இல்லை. டியூட்டி டாக்டர் கீழே இன்னொரு உயிரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அவர் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வந்தார், பார்த்தார், அக்கா கையில் இருந்த அதே ஊசியைச் சொன்னார். மண்டிக்காரர் பிழைத்தார். சீசனில் ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பினார், டாக்டருக்கு.

அன்று உடை மாற்றும் அறையில் அக்கா அழுததை நான் பார்த்தேன்.

"தெரிஞ்சிக்கினே நின்னுக்கினு இருந்தேன்டி. அந்தாளு கண்ணு என்னியே பாத்துக்கினு இருந்திச்சி. தெரியாம நின்னிருந்தாகூட மன்சு ஆறிப்பூடும்."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்புறம்தான் நர்ஸ் பிராக்டிஷனர் என்கிற இரண்டு வருடப் படிப்பைக் கண்டுபிடித்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். நோயாளியைத் தலை முதல் கால் வரை தானே பரிசோதிக்க வேண்டும். எழுதி வைத்த முறைப்படி சில மருந்துகளைத் தானே தொடங்கலாம். எதைத் தானே பார்த்துக்கொள்வது, எதற்கு டாக்டரைக் கூப்பிடுவது என்று முடிவெடுப்பதுதான் அந்தப் படிப்பின் உயிர்நாடி.

படிப்பு அக்காவுடையது. பாடு அவர் கணவர் சிட்டிபாபுவுடையது. சிட்டிபாபு மாமா சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். வாரம் முழுக்க அங்கே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை நினைத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறுவார். வந்ததும் அக்கா அவரைச் சட்டையைக் கழற்றிப் படுக்கச் சொல்வார். வயிற்றில் விரல் வைத்துத் தட்டுவார், முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழு, விடு என்பார், கண்ணில் டார்ச் அடிப்பார். குழம்பு ஆறும்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மே, பசிதான்."

"அதை நான் சொல்லணும். நீ பேசாத படு."

ஒரு வருடம் இப்படியே போனது. மாமா கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து, "நமக்கு லங்ஸு ரெண்டு பக்கமும் கிளியரு. லிவரு மட்டும் ஒரு விரக்கடை தட்டுப்படுது" என்று சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டத் தொடங்கினார்கள்.

எழுத்துப் பரீட்சையில் அக்கா நல்ல மார்க். செய்முறைத் தேர்வில் பெயில். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அதுதான். நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, என்ன செய்வாய் என்று கேட்டார்கள். "டாக்டரைக் கூப்பிடுவேன்" என்றார். சிறுநீர் குறைகிறது? "டாக்டரைக் கூப்பிடுவேன்." காய்ச்சல்? டாக்டர். ஐந்து கேள்விக்கும் ஐந்து டாக்டரைக் கூப்பிட்டார். இருபத்தொரு வருடம் சொன்ன வாக்கியம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் டாக்டரைக் கூப்பிட இந்தப் படிப்பு எதற்கம்மா என்று தேர்வாளர் கேட்டாராம்.

இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் போனால் படிப்புக்கான காலக்கெடு முடிந்துவிடும். பழையபடி ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். ஆறு மாதம் அவர் 'டாக்டர்' என்கிற வார்த்தையையே வீட்டில் உச்சரிக்கவில்லை என்று மாமா சொன்னார்.

இரண்டாம் தேர்வு எங்கள் வார்டிலேயே நடந்தது. நோயாளி நாலாம் நம்பர் படுக்கை, தோதாத்ரி ஐயங்கார், எழுபத்தொரு வயது. பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் சேவிக்கும் குடும்பம். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அன்று அந்தப் படுக்கை என் பொறுப்பில் இருந்தது. தேர்வு முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

தேர்வாளர் நீரஜா மேடம் குண்டூரிலிருந்து வந்தவர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் பேனா, முகத்தில் எதுவும் இல்லை. பக்கத்தில் அக்காவின் ஆசிரியை நின்றார், அவருக்கும் எனக்குப் போட்ட அதே வாய்ப்பூட்டு.

தோதாத்ரி ஐயங்காரிடம் ஒரு புதிர் இருந்தது. அளவோடுதான் தண்ணீர் கொடுத்தோம், குறித்தும் வைத்தோம். ஆனாலும் இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை கூடியிருந்தார். அக்கா நேராக அதில்தான் கை வைத்தார்.

"சாமி, ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி சாப்புட்றீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "தண்ணியா? அடியேன் அந்த வாசனையே அறியேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி ருக்மணி அம்மாள் எழுந்தே விட்டார். "எங்க வம்சத்துலயே யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. யார் சொன்னா உங்களுக்கு?"

நீரஜா மேடம் இரண்டு பேரின் கோபத்தைப் பார்த்தார். ஏதோ குறித்துக்கொண்டார்.

"ஐயையோ, அந்தத் தண்ணி இல்ல சாமி. தீர்த்தம். தீர்த்தம் எவ்ளோ ஆவுது?"

"அப்படிக் கேளு. ஆத்துலேர்ந்து இவ சீரகம் போட்டுக் காய்ச்சிச் சொம்புல கொண்டு வருவா. காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"சாத்தமுது?"

"அது தளிகையோட சேர்ந்ததுன்னா. கணக்குல எப்படி வரும்?"

சாத்தமுது என்றால் அவர்கள் வீட்டு ரசம், தளிகை என்றால் சமையல். ஆஸ்பத்திரி பாட்டிலில் இருந்தது மட்டும்தான் அவருக்குத் தண்ணீர், வீட்டிலிருந்து வந்தது தீர்த்தம். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா எல்லாவற்றையும் கூட்டி, தெலுங்கில் மேடத்துக்கு விளக்கினார். மேடத்தின் புருவம் முதல் தடவையாக மேலே போனது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்குள் அக்கா திரும்பி, ருக்மணி அம்மாளுக்குச் சொம்பை நிறுத்தச் சொல்லித் தமிழில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நடுவாந்தரத்தில்தான் மேடம் தெலுங்கில் கேட்டார்:

"இப்புடு டாக்டர் அவசரமா?"

அக்கா நோயாளியைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். எண்கள் நிதானமாக இருந்தன.

"அவசரம் லேது மேடம்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இப்போது டாக்டர் தேவையா என்று மேடம் கேட்டார். தமிழில் அவசரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அக்கா தமிழில் கேட்டுக்கொண்டு தெலுங்கில் பதில் சொன்னார். அக்காவுக்குத் தெலுங்கு தெரியாதா என்றால், என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லைப்புறத்து ஆட்களுக்கு இரண்டு மொழியும் தெரியும், எந்த நிமிடத்தில் எந்த மொழிக்குள் இருக்கிறோம் என்பதுதான் தெரியாது. டாக்டர் ஓடி வர வேண்டியதில்லை, மெதுவாக வந்து மருந்தின் அளவை மாற்றினால் போதும் என்பதுதான் அக்காவின் கணக்கு. சரியான கணக்கு. ஆனால் மேடத்தின் காதில் விழுந்தது, இதயம் பலவீனமான, இரண்டு கிலோ ஏறிய நோயாளிக்கு டாக்டரே தேவையில்லை என்று.

"அஸ்ஸலு லேதா?" என்றார் மேடம். கொஞ்சம்கூட இல்லையா?

"அஸ்ஸலு லேது மேடம். அரகண்ட்டலோ ஒச்சினா சாலு." அரை மணியில் வந்தால் போதும்.

"அவசரமே லேனப்புடு டாக்டர் எந்துக்கு ராவாலி?" தேவையே இல்லாதபோது எதற்கு வர வேண்டும்?

அவசரம் இல்லையென்றால் டாக்டர் வரவே மாட்டாரா என்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. கொல்லைக் குரல் வெளியே வந்தது.

"அவசரம் உண்ட்டேனே ஒஸ்தாரா மேடம்? ரோஜூ ராரா?"

தேவை இருந்தால்தான் வருவார்களா, தினம் சும்மா வந்து போவதில்லையா என்று டாக்டர்களைக் கிண்டல் செய்கிறாள் இந்தப் பெண்மணி என்று மேடம் எடுத்துக்கொண்டார். பேனா காகிதத்தில் ஒரு நீளக் கோடு இழுத்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்னை வெளியே தள்ளுவார்கள், அதோடு அக்காவின் தேர்வும் கெடும். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன், உண்மையிலேயே வலித்தது.

வாயைத் திறக்கக் கூடாது என்று நோயாளிக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த தோதாத்ரி ஐயங்கார் இந்தச் சண்டையை ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மாடி, அவா கேக்கறது வேணுமான்னு! நீ சொல்றது அப்பறம்னு! ரெண்டு பேரும்..."

அதற்கு மேல் முடிக்க முடியவில்லை. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் திணறலாயிற்று. தலையணையிலிருந்து சரிந்து கீழே வந்துவிட்டார். மானிட்டர் கத்தியது. தொண்ணூற்றைந்தில் இருந்த ஆக்ஸிஜன் எண்பத்தாறுக்கு இறங்கியது.

அக்காவின் முகத்தில் அந்த நொடியே தேர்வு, மேடம், கோடு எல்லாம் போய்விட்டது. ஒரு கையால் அவரைத் தூக்கி உட்காரவைத்தார், மறு கையால் மாஸ்க்கைப் போட்டார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், இரண்டு பக்கமும் நீர் கொரகொரத்தது. ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த முறைப்படி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றி, பெயரும் அளவும் உரக்கச் சொல்லி மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். ஊசி போட்டார். "ரேஷ்மா, டாக்டரைக் கூப்புடு" என்றார் என்னிடம்.

பிறகு நோயாளியின் நாடியிலிருந்து கையை எடுக்காமல், மேடத்தின் பக்கம் திரும்பித் தெலுங்கிலேயே சொன்னார்: "மேடம், டாக்டர் இப்புடு ரெண்டு பாஷல்லோனூ அவசரம்." இரண்டு பாஷையிலும்.

நீரஜா மேடம் ஒரு கணம் விழித்தார். பக்கத்தில் நின்ற ஆசிரியை வாய்ப்பூட்டை மறந்து, தமிழில் அவசரம் என்றால் என்ன என்று காதோடு விளக்கினார். மேடம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பேனாவை எடுத்து அந்த நீளக் கோட்டை அடித்துவிட்டு, புதிதாக ஏதோ எழுதினார். பாஸ் என்று பட்டியல் பிறகு வந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்டர் மாடிப்படி ஏறி ஓடி வந்தபோது ஐயங்காரின் ஆக்ஸிஜன் தொண்ணூற்றிரண்டு. இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும் அந்தப் பையனுக்கு மூச்சு வாங்கியது, நோயாளியைவிட அதிகம். அக்கா குரலைத் தாழ்த்தி, என்ன நடந்தது, தான் என்ன செய்தார், சொம்புக் கணக்கு என்ன, இனி டாக்டர் எதை முடிவு செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அவர் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டு, "ஓகே மேடம்" என்று சொல்லி மருந்துச் சீட்டை எடுத்தார்.

மேடம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா சட்டென்று ஒதுங்கி நீரஜா மேடத்துக்கு வழிவிட்டார்.

நீரஜா மேடம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "மிம்மல்னே" என்றார். உங்களைத்தான்.