விரல் அசைந்ததால் பொய்க்காரியானேன்

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவின் கூலாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது மழையில் சறுக்கி விழுந்தேன். சாலையோரத் தகரத் தடுப்பு முழங்கையின் உட்பக்கத்தைக் கிழித்துவிட்டது. கம்பெனி கிளினிக்கில் தையல் போட்டார்கள். காயம் ஆறியது. ஆனால் சுண்டுவிரலும் பாதி மோதிர விரலும் மரத்தே கிடந்தன.

மறுபடியும் போனேன். டாக்டர் நம் தமிழர்தான். விரல்களை விரிக்கச் சொன்னார், விரித்தேன். விரலிடுக்கில் காகிதத்தை வைத்து இழுத்தார், விடாமல் பிடித்தேன்.

"நரம்பு அறுந்திருந்தா இப்படிப் பிடிக்கவே முடியாதும்மா. லீவுக்கு எம்சி சர்ட்டிபிகேட் வேணும்னா நேரா கேளுங்க லா" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசியால் லேசாகக் குத்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அதைக்கூட அந்த மனிதர் செய்யவில்லை.

வேலையிடத்தில் சூப்பர்வைசர் என்னை நடிப்புக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்தார். வீட்டில் கணவரும், "டாக்டரே சொல்லிட்டாரு, நீ சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை தோசை சுடும்போது கருகல் வாடை வந்தது. குனிந்து பார்த்தால் என் சுண்டுவிரல் கல்லின் விளிம்பில் இருக்கிறது. வலியே இல்லை. கணவர் விரலைப் பார்த்தார், உடனே ஜொகூர் பாருவுக்குக் காரை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு மருத்துவர் கை நெடுக மின்சாரம் வைத்துச் சோதித்தார். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு முழங்கையில் அறுந்துதான் இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே, கையின் நடுவில் ஓடும் நரம்பிலிருந்து ஒரு கிளை முன்கையில் குறுக்கே போய் இதோடு சேர்ந்துகொள்ளுமாம். எனக்கும் அப்படித்தான். வெட்டுக்குக் கீழே வந்து சேர்ந்த அந்தக் கிளையால்தான் விரல்கள் அசைந்திருக்கின்றன. உணர்வுக்கு அது உதவவில்லை.

"இது ரொம்ப அபூர்வமா டாக்டர்?"

"இல்லையேம்மா, நிறையப் பேருக்கு இருக்கு. படிக்கறப்பவே எங்களுக்குச் சொல்லித் தருவாங்க."

அறுவை சிகிச்சை செய்து நரம்பை இணைத்தார்கள். தாமதமாகிவிட்டதால் பாதி உணர்வுதான் திரும்பியது. கணவர் மன்னிப்புக் கேட்டார். கிளினிக் டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னபோது, "உங்க கை அப்படி அமைஞ்சிருக்கு, நான் என்ன பண்றது?" என்றார்.

கை எப்படி அமைந்திருந்தால் என்ன, நான் பொய் சொல்கிறேன் என்று முடிவு கட்டியது அவர்தானே? இன்று என்னோடு வேலை செய்யும் பெண்களில் யாராவது உடம்புக்கு முடியவில்லை என்றால் நான் நம்பிவிடுகிறேன். சில சமயம் ஏமாந்தும் போகிறேன், ஆனாலும் அந்த ஆள் எனக்குச் செய்ததை இன்னொருத்திக்கு நான் செய்யமாட்டேன்.