ஈரச் சாக்கு காயும் முன்னே திறந்த சாலை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி சித்தப்பா சொன்னார். மன்னிக்க வேண்டும் சித்தப்பா, மகளாகிய எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அப்பா, சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, மாடு மேய்த்துக்கொண்டே படித்து, சாலைப் பணி ஆய்வாளர் ஆனார். தார் மேல் தாராக ஊற்றி வீட்டு வாசல்களைப் பள்ளமாக்குவது அவருக்குப் பிடிக்காது. பழைய சாலையின் மேல் தோலை மட்டும் சுரண்டிக் கழுவி, அதன் மேல் கான்கிரீட் போர்த்தினால் பல்லாண்டு உழைக்கும், ஜல்லிக்காக மலையைப் புதிதாக உடைக்கவும் வேண்டாம் என்பார். அலைந்து திரிந்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு சாலைக்கு அனுமதி வாங்கினார்.

கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமி முடிந்த மறுநாளே தொடங்கினால் அடுத்த பௌர்ணமிக்குள் கான்கிரீட் இறுகிவிடும் என்று கேட்டார். பூமி பூஜைக்கு ஒரு பெரிய மனிதர் வரவேண்டுமென்று மூன்று வாரத்தை வீணாக்கினார்கள். கான்கிரீட் போட்டு மூன்றாம் நாள், அப்பா ஈரச் சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது மேலதிகாரி வந்தார்.

"யோவ், நாளைக்குப் பௌர்ணமி. இவ்ளோ ஜனம் எப்படி வரும்? தடுப்பை எடு."

"சார், மேல பார்க்கத்தான் கல்லு மாதிரி கீதுங்க. இப்ப பஸ்ஸு ஏறினா வெடிச்சுடும். இந்த ஒரு வாட்டி வேற வழியா சுத்தி உடுங்க சார்."

கேட்கவில்லை. தடுப்பை எடுத்தார்கள். மறுநாள் முழுக்கப் பேருந்துகள் ஓடின. ஒரே மாதத்தில் சாலை விரிசல் விட்டது. 'மேற்பார்வைக் குறைபாடு' என்று அப்பாவுக்கு மெமோ வந்தது. இந்த ஊருக்குக் கான்கிரீட் சரிப்படாது என்று அதன் மேல் மறுபடியும் தார் ஊற்றினார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

அப்பா பதில் மேல் பதில் எழுதினார். நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், "லெட்டர் எதுனா வந்துச்சாம்மா?" என்றுதான் கேட்டார். வரவில்லை. குற்றம் அவர் பேரிலேயே இருக்க, அவர் போய்விட்டார்.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், சாலைக்குத் தங்கள் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் தந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

துக்கத்துக்கு வந்து எங்கள் கையைப் பிடித்து அழுத அலுவலக நண்பர்களே, உங்களுக்கும் நன்றி. மேலதிகாரி வந்த அன்று நீங்களும் அந்தச் சாலையில்தான் நின்றீர்கள். தடுப்பை எடுக்கச் சொன்னது யாரென்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதற்குத் துணிவில்லையென்றால், திதிக்கு வராதீர்கள்.