அரைக்காதுக்காரரின் சத்தப் பெட்டி

என் வீட்டுக்காரருக்கு ‘அரைக்காது’ என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். வேறு யாராவது வைத்திருந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டிருப்பேன். ஒருநாள் என் தம்பி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மூன்று தடவை கூப்பிட்டும் இந்த மனிதர் திரும்பவில்லை. எனக்கு வந்த எரிச்சலில், அவருக்கு அரைக்காதுதான், தனக்கு வேண்டியது மட்டும்தான் அதில் விழும் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்தார். அன்று முதல் என் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அவர் அரைக்காது அத்தான், அரைக்காது மாமா.

அவருக்கு வேலை பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில். இருபத்து நான்கு வருடமாக அங்கே மெக்கானிக். கண்ணாடிப் பாட்டில்கள் பெல்ட்டின் மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் இடம் அது. ஒருமுறை அவருக்குச் சாப்பாடு கொடுக்கப் போய், கேட்டுக்கு உள்ளே பத்து நிமிடம் நின்றதற்கே எனக்கு மண்டை இடித்தது. காதில் செருகிக்கொள்ள மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பேரிங் தேய்ந்தால் முதலில் கத்தும், அப்புறம்தான் சுடும், காதை அடைத்துக்கொண்டால் அது கத்துவது எப்படித் தெரியும் என்பார். அவர் பார்த்துக்கொண்ட மிஷின் வரிசை ஒருநாளும் திடீரென்று நின்றதில்லை. அதற்காக மேனேஜர் ஒருமுறை கை கொடுத்தாராம். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு லீவு நாளில், கட்டிலில் உட்கார்ந்தபடி சமையலறையில் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டார். ஒன்றும் ஓடவில்லை என்றேன். காதுக்குள் ஏதோ கத்துகிறது என்றார். அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துச் சோதித்தார்கள். மெல்லிய சத்தமெல்லாம் இனி விழாது, இந்த இரைச்சல் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஆபத்தில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்தேன். பழகிக்கொள்ள வேண்டிய வேலை அவருடையதாகப் போயிற்று.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை எழுதினால் புத்தகமாகும். எது சொன்னாலும் ‘ம்’ என்பார். நாலு பேர் கூடிய இடத்தில் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார். பல்லு கிட்டும் குளிரில் கூட ஃபேனை முழு வேகத்தில் வைப்பார். ஃபேன் சத்தத்தில் காது கொஞ்சம் பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தார். உங்கள் காதுக்காக நான் விறைத்துச் சாக வேண்டுமா என்று கேட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் இது. அவரிடம் பேசுவது செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். வேலையிலிருந்து வருவார், சாப்பிடுவார், படுப்பார். முகத்தில் எந்நேரமும் தூக்கம் கெட்டவரின் களைப்பு.

மாடி வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தார். விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் சத்தம் செய்து கொடுப்பவர். சத்தம் போடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது. ஒரு மத்தியானம் மேலே தகரத்தை அரத்தால் ராவுவதுபோல ஒரு சத்தம் ஆரம்பித்து நிற்கவே இல்லை. ஊசி விரலில் ஏறிவிட்டது. இன்று ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று படியேறினேன்.

கதவைத் திறந்த மாடி வீட்டுக்காரர், கழுத்தில் ஹெட்போனோடு, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார். இது வீடா பட்டறையா என்று நான் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் மேஜை நீளத்துக்கு ஒரு பெட்டி. அது முழுக்கக் குமிழ்களும் ஓட்டைகளும் சின்ன விளக்குகளும். ஓட்டைக்கு ஓட்டை கலர் கலராகக் கேபிள் தொங்கியது. என் குரல் கேட்டு, என்னை இழுத்துக்கொண்டு போக என் வீட்டுக்காரர் மேலே வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்ற முடியுமா என்று மாடி வீட்டுக்காரரிடம் கேட்டார். நான் ஒருத்தி நியாயம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், இவருக்கு இன்னும் ஏற்ற வேண்டுமாம்!

அதிலிருந்து ஷிஃப்ட் முடிந்ததும் மாடிதான். மாடுலர் சிந்தசைசர் என்று அதற்குப் பெயராம். சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை. ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று ஏற்றி இறக்கும். எதை எதோடு கேபிளால் சேர்க்கிறோமோ அதற்குத் தகுந்த சத்தம் வரும். கேபிளைப் பிடுங்கிக் குமிழைத் திருப்பிவிட்டால் போனது போனதுதான், அதற்கு ஞாபகம் கிடையாது. அதுதான் இதில் அழகு என்றார் மாடி வீட்டுக்காரர். அழகாம், தலையெழுத்து என்றேன் நான். தனக்கு வேண்டாத இரண்டு பழைய பெட்டிகளை அவர் சும்மா கொடுத்தார். இவர் மற்றதை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். என் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை போட்டு எல்லாம் ஏறி உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர் பாட்டு போடுகிறார் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன், கொஞ்சம் பெருமையாகத்தான். ஆனால் பாட்டைத்தான் காணோம். தினமும் நாலு மணிக்கு உட்காருவார். ‘ஈ’ என்று கொஞ்ச நேரம், ‘ஸ்’ என்று கொஞ்ச நேரம். ஒரு குமிழை நூலளவு திருப்புவார், கண்ணை மூடுவார், இல்லை என்று தலையாட்டுவார். பாட்டு எப்போது வரும் என்று கேட்டால், வரும் என்பார். இப்படியே ஐந்து மாதம். களைத்து வந்த மனிதர் தூங்காமல் இதோடு மாரடிக்கிறாரே என்று ஒரு பக்கம் பாவமாகவும் இருக்கும், இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டும் வரும்.

மகள் குடும்பத்தோடு வருகிறாள் என்று போன் வந்த அன்று வீட்டைத் துடைத்தேன். பெட்டி மேல் தூசி. நான் நூலோடு பிழைக்கிறவள், சிக்கலைக் கண்டால் கை சும்மா இருக்காது. கேபிள்களையெல்லாம் உருவி, கலர் கலராகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். குமிழ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் நேராகப் பன்னிரண்டு மணியைப் பார்க்கிற மாதிரி திருப்பிவைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மூன்றரைக்கு வந்தார். ஷூவைக் கழற்றாமலே பலகை முன்னால் நின்றார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம், நன்றாக இருக்கிறதா என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவர் திட்டவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்னங்க, நான் என்ன செய்தேன் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாட்டெல்லாம் இல்ல. என் காதுல கேக்குது பாரு, அத அப்படியே வெளிய கொண்டுவந்து உனக்கு ஒரு தடவ கேக்க வெக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான். நான் சொன்னா நீ நம்பல. மிஷின் சொன்னா நம்புவ இல்ல? முந்தாநாள்தான் கிட்டத்துல வந்துச்சு.”

ஒன்பது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, அறைய வேண்டியதும்தான். மகள் வந்தாள், நாலு நாள் இருந்தாள், போனாள். அரைக்காது என்று மருமகன் தமாஷாக ஒரு வார்த்தை விட்டபோது, இனி அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். வைத்தவளே இப்படிச் சொல்கிறாளே என்று எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அவர் அந்தப் பலகைப் பக்கமே போகவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. மறுபடி போடுங்கள் என்றேன். உடம்பில் தெம்பில்லை, விடு என்றார். நான் விடுகிற ஜாதியா? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நச்சரித்தேன். கடைசியில், என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, ஒருநாள் உட்கார்ந்தார். இந்த முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுத் திருப்புவார். முடித்ததும், தையல் சாக்குக்கட்டியால் ஒவ்வொரு குமிழ் பக்கத்திலும் நான் கோடு போடுவேன். அளவு நோட்டில், பேன்ட் இடுப்பு முப்பத்தாறு, நீளம் முப்பத்தொன்பது என்பதற்குக் கீழே, சிவப்புக் கேபிள் மேல் வரிசை மூன்றாவது ஓட்டையிலிருந்து கீழ் வரிசை முதல் ஓட்டைக்கு என்று எழுதுவேன். இப்படி மூன்று மாதம். தைக்கக் கொடுத்தவரின் இடுப்பளவோடு கேபிளைச் சேர்த்து எழுதிவிட்டாயே என்று ஒருநாள் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும், வா என்று கூப்பிட்டார். ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை அவரே நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் ஊசி மாதிரி மெல்லிசாக ஒரு விசில். அதற்கு அடியில், காய்ந்த இரும்புச் சட்டியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதுபோல ஒரு பொரிச்சல். நாலு மூச்சுக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து வீங்கி, வடிந்து, மறுபடி வீங்கியது. இதுவரை நான் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி கேட்டதெல்லாம் இதில் துண்டு துக்கடா. சரி, ஒரு நிமிடத்தில் நிறுத்துவார் என்று நின்றேன். நிறுத்தவில்லை. அவர் ஏதோ சொன்னார். பாதிதான் விழுந்தது. என்ன என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் என்ன என்று கேட்கச் சங்கடமாக இருந்தது. ‘ம்’ என்று தலையாட்டிவைத்தேன். பல்லைக் கடித்திருக்கிறேன் என்பது தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. இதோடு இந்த மனிதர் தொழிற்சாலையில் பெல்ட் மாட்டினார், பஸ் ஏறினார், மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார், நான் திட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது.

“போதுங்க, நிறுத்துங்க.”

கை நீட்டி ஒரு கேபிளை உருவினார். அறை அப்படியே அடங்கியது. மாடியில் யாரோ நாற்காலி இழுப்பதும், குழாய் சொட்டுவதும், என் மூச்சும் எனக்குக் கேட்டன. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் உருவிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நின்னுடுச்சா?” என்று கேட்டார்.

“எனக்கு நின்னுடுச்சுங்க” என்றேன்.