அப்பா வண்டி மிஸ்ஸிங்

என் அப்பா சவுரிமுத்துவின் ஆங்கிலம் முழுக்கத் திருமுடிவாக்கத்துப் பட்டறையில் கற்றது. கடைசல் பிடித்த ஒவ்வொரு துண்டையும் அளந்து, 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குவதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சொற்களை விடவில்லை. ஹோட்டல் சாம்பார் ரிஜெக்ட். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், சில வாரம் பாஸ். பழைய கூட்டாளிகளோடு டீ குடிக்கத் தினமும் ஸ்கூட்டரில் திருமுடிவாக்கம் போய் வருவதற்குப் பெயர் டூட்டி.

அம்மா போனபின் இரும்புலியூர் வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் கோவிலம்பாக்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பும்போது வழி குழம்பி மேடவாக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அதிலிருந்து டொரண்டோவில் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வண்டியில் எது என்றாலும் சொல் என்று தெருமுனை மெக்கானிக் ஆல்வினிடம் சொல்லிவைத்திருந்தேன்.

அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது: 'அண்ணா, அப்பா வண்டி மிஸ்ஸிங்.'

அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆல்வினைக் கூப்பிட்டேன்.

"எப்பலேர்ந்து மிஸ்ஸிங், ஆல்வின்?"

"நேத்தே லைட்டா இருந்துதுண்ணா. வண்டிய வுட்டுட்டுப் போ மாமான்னேன். டூட்டி கீதுன்னு ஓட்டிகினு போயிட்டாரு."

பதற்றத்தில் அந்த 'லைட்டா' என் காதில் ஏறவில்லை.

"போலீஸ்ல சொல்லிட்டியா?"

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இதுக்கு இன்னாத்துக்குண்ணா போலீசு? ப்ளக்க மாத்துனா சரியாப்பூடும்."

அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் விட்டுவிட்டு ஓடினால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது மிஸ்ஸிங். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். இங்கே வந்தபின் காணாமல் போனவர்களின் படத்துக்குக் கீழேதான் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன்.

"அப்பா எங்க?"

"இங்கதான் டீ அடிச்சிகினு கீறாரு. செல்போன வூட்லயே வுட்டுட்டாரு. இந்தா மாமா, அண்ணன் லைன்ல."

"இன்னாடா," என்றார் அப்பா. "வண்டி இருமுனா போலீசு. நான் இருமுனா மிலிட்டிரியா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.

"லைன்ல கீறியா?"

"இருக்கேன்ப்பா."

ஆல்வின் புது ப்ளக்கை மாட்டி வண்டியை உதைத்தான். அப்பா போனைச் சைலன்சர் பக்கம் பிடித்திருக்க வேண்டும். சத்தம் ஒரே சீராக வந்தது, நடுவில் ஒரு இருமல் இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலிருந்தது.

"பாஸ்," என்றார் அப்பா. "சரி, வை. டூட்டிக்கு லேட்டாவுது."