புளியோதரை தின்ற பொறுமைசாலிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தினமும் பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூருக்குப் போவேன். அங்கே ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுவேன். சாயங்காலம் பஸ் பிடித்து வீடு திரும்புவேன். மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித்தரும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் என் உழைப்பில் பெரும்பகுதி பொறாமையில்தான் போயிற்று.

அந்த மனிதரும் டெமான்ஸ்ட்ரேட்டர்தான். திருமானூர்க்காரர். என் வயது, என் படிப்பு, என்னைவிடக் கொஞ்சம் குட்டை. அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் அடிக்கடி நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்வேன். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். டீக்கடையில் நான் மூன்று முறை குரல் கொடுத்து வாங்குகிற டீ, சும்மா நிற்கிற அவரைத் தேடி வரும். மழையில் நனைந்தால்கூட அவர் சட்டைக் காலர் விறைப்பாக நிற்கும். அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பேராசிரியர் வெள்ளை எலிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யோசிக்காமல் சட்டென்று ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அப்புறம் திருதிருவென்று விழிக்கிற சுபாவம் வம்சத்தில் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. சில பிள்ளைகளால் ஒரு நிமிடம் அடங்கி உட்கார முடிவதில்லை. சில பெரியவர்கள் கையை ஓங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். அது வளர்ப்பில் வந்ததா, பிறப்பில் வந்ததா என்று தெரிந்தால்தானே மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும்?

"மனுசன வெச்சு நாலு தலைமுறை பாக்கணும்னா நான் நூறு வருசம் இருக்கணும்யா. எலி மூணு மாசத்துல அடுத்த தலைமுறையக் குடுத்துடும்" என்பார்.

எலிக்கு எதற்குச் செலவு என்று எனக்குத் தோன்றும். என் அப்பா ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து இரண்டு முறை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர். சித்தப்பா, பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி வருவதற்குள் சம்மதம் சொன்னவர். அவர் பார்த்துச் சம்மதித்தது பெண்ணின் அக்காவை. அந்த அம்மாளுக்கு அப்போதே இரண்டு குழந்தைகள். பேராசிரியர் ஒரு நோட்டோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தால் ஒரே வாரத்தில் ஆராய்ச்சி முடிந்திருக்கும்.

சோதனை எளிமையானது. ஒரு மரப்பெட்டி, அதில் இரண்டு கதவு. இடது கதவை முட்டினால் உடனே ஒரு வேர்க்கடலை. வலது கதவின் முன் கொஞ்ச நேரம் காத்திருந்தால் நான்கு. எலி எந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வோம். இடது பக்கம் பாய்கிற ஆண் எலியை அதே மாதிரிப் பெண் எலியோடு சேர்ப்போம். காத்திருக்கிறதைக் காத்திருக்கிறதோடு சேர்ப்போம். இப்படியே குட்டி, குட்டியின் குட்டி என்று இரண்டு வம்சம் வளர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூண்டிலிருந்து தீனியை எடுத்துவிடுவோம். சனிக்கிழமை வகுப்பு இல்லாததால் கட்டிடம் அமைதியாக இருக்கும், மத்தியானம் சோதனை. இரண்டு வம்சமும் ஒரே பசியில் இருந்தால்தான் கணக்கு சரிவரும்.

பொறுமை வம்சத்தைத் திருமானூர்க்காரரிடமும் அவசர வம்சத்தை என்னிடமும் ஒப்படைத்தார் பேராசிரியர்.

"எனக்கு ஏன் சார் அவசரம்?"

"இப்பக் கூட நான் பேசி முடிக்கறதுக்குள்ள கேக்குறீங்க பாருங்க, அதான்."

மூன்று வருடம் ஓடியது. திருமானூர்க்காரரின் எலிகள் தலைமுறைக்குத் தலைமுறை மகான்களாகிக்கொண்டே போயின. வலது கதவின் முன் கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருக்கும். மற்ற துறைக்காரர்கள்கூட வந்து பார்ப்பார்கள். என் கூண்டுப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், வந்தால் விரலில் ரத்தத்தோடு போவார்கள். ஒரு கட்டத்தில் அவர்மேல் பட்டது போதாமல் அவருடைய எலிகள்மேலும் பொறாமைப்பட ஆரம்பித்தேன். எலியைப் பார்த்து வயிறெரிந்த பட்டதாரி அரியலூர் வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் பேராசிரியருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. எங்கள் இருவரில் ஒருவரை ஆராய்ச்சி மாணவராக உடன் அழைத்துப் போவார், டாக்டர் பட்டம் வரை. ஓர் இடம்தான். திங்கட்கிழமை முடிவு சொல்வதாக இருந்தார்.

முந்தின சனிக்கிழமை, வழக்கத்துக்கு ஒரு பஸ் முன்னதாகவே அரியலூரில் இறங்கினேன். காரணம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: திருமானூர்க்காரர் ஏதாவது திருட்டுத்தனம் செய்கிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்க்க. அவர் இன்னும் வந்திருக்கவில்லை. உள்ளே ஆய்வக அட்டெண்டர் இருந்தார். கல்லங்குறிச்சிக்காரர். சனிக்கிழமை தவறாமல் அங்கே பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு சைக்கிளில் வேலைக்கு வருவார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, பொறுமை வம்சத்துக் கூண்டு ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை புளியோதரையை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் மட்டும் அல்ல, எலிகளும் துள்ளின.

"பிரசாதம் சார். கோயில்லேருந்து கொண்டாந்தா அந்த எடத்துல இருக்குற உசுருக்கெல்லாம் ஒரு வாய் குடுத்துட்டுத்தானே நாம வாயில வெக்கணும்? அதுங்க நேத்துலேருந்து பட்டினி வேற. பாவம்."

"வாராவாரமா?"

"மூணு வருசமா."

"அப்ப என் எலிங்களுக்கு?"

"குடுக்கலாம்னுதான் பாக்குறேன். கடிக்குதுங்களே. மொத வாரமே கட்டைவிரல் போச்சு."

எனக்குத் தலைக்குள் ஆயிரம் வாலா வெடித்தது. திருமானூர்க்காரரின் மகான்கள் வயிறு நிறைந்த மகான்கள்! உண்ட மயக்கத்தைத்தான் மூன்று வருடமாகப் பொறுமை என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். நேரே பேராசிரியர் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால சார்."

"சரி. திங்கட்கிழமை எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. நடுவுல ஒரு நாள் இருக்கு. என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்று தலையாட்டினேன். திங்கட்கிழமை எந்தச் சட்டை போடுவது என்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் திருமானூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சோதனையை முடித்தேன். எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அதிசயம். அந்த அதிசயம் பஸ் ஸ்டாண்டு வரைதான் நீடித்தது. அவர் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், அந்தக் காலர் விறைப்பாக.

"உம்ம எலிக்கெல்லாம் பொறுமை எங்கேருந்து வந்துச்சு தெரியுமாய்யா? புளியோதரைலேருந்து!"

முழுக்கதையையும் சொன்னேன். முகம் வாடும், அதைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். வாடவில்லை. இரண்டே கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்கு வெச்சாரு?"

"பதினொண்ணு இருக்கும்."

"கூண்டுக்கு எவ்வளவு?"

"எலுமிச்சம்பழ அளவு."

அவருடைய பஸ் வந்தது. ஏறவில்லை. "நல்லதுய்யா, சொன்னீங்களே" என்றவர் கல்லூரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் என்னிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலரை மட்டும் மூன்று முறை.

திங்கட்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் திருமானூர்க்காரர் எழுந்துவிட்டார். வலது கை விரல் மூன்றில் துணிக்கட்டு.

"சார், என்னோட எலிங்க மூணு வருசமா சாப்பிட்டுட்டுதான் சோதனைக்கு வந்திருக்கு. கண்டுபிடிச்சது இவரு" என்று என்னைக் காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஒரு கால் நிமிடத்துக்கு.

பிறகு நோட்டைப் பிரித்தார். சனிக்கிழமை சாயங்காலமே போய்த் தன் எலிகளின் தீனியை எடுத்துவிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அட்டெண்டர் வீட்டில் புளியோதரை கிளறச் சொல்லி வாங்கிவந்து, என் எலிகளுக்குத் தன் கையாலேயே ஊட்டியிருக்கிறார். அப்புறம் இரண்டு வம்சத்தையும் பெட்டியில் விட்டிருக்கிறார். பட்டினி கிடந்த மகான்களில் பாதிக்கு மேல் இடது கதவில் போய் மோதியிருக்கின்றன. வயிறு நிறைந்த என் ரவுடிகளில் பல, வலது கதவின் முன் உட்கார்ந்து மீசையைத் தடவியிருக்கின்றன.

"ஆனா எல்லாம் மாறல சார். பட்டினியிலயும் காத்திருந்தது என் பக்கம் சிலது இருக்கு. சாப்பிட்டும் பாஞ்சது இவரு பக்கம் சிலது இருக்கு. ஒரே ஒரு நாள் பாத்தது, உறுதியாச் சொல்ல முடியாது. வம்சத்துல ஏதாவது இருந்தா அது இந்த மிச்சத்துலதான் இருக்கணும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம நீங்க என்ன பண்ணீங்க?"

இஸ்திரி போட்டேன் என்று எப்படிச் சொல்வது? "யோசிச்சேன் சார்" என்றேன். எங்கள் வம்சத்தில் அதை முதலில் சொன்னவன் நான்தான், அதுவும் பொய்.

இடம் அவருக்குப் போயிற்று. இரண்டு வம்சத்து எலிகளும் அவரோடு ரயிலேறின. கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவன் நான்தான். அவர் விரலில் என் எலிகள் போட்ட தழும்பைப் பார்த்தபோது அதன்மேலும் ஒரு பொறாமை வந்தது. மூன்று வருடம் வளர்த்த என்னைக்கூட அவை ஒரே நாளில் மூன்று முறை கடித்ததில்லை.

"லெட்டர் போடுறேன்யா" என்றார்.

"மெதுவாப் போடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அடுத்த நாள் காலையிலேயே தபால்காரரைக் கேட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஆய்வகத்தில் கூண்டுகள் இருந்த காலி இடங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அட்டெண்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். சுற்றிலும் பார்த்தார். நான் ஒருவன்தான் மிச்சம். ஓர் உருண்டையை எடுத்துக் கொஞ்சம் தயங்கி, கையை அரைவாசி நீட்டினார்.

"சார், கடிக்க மாட்டீங்கள்ல?"